கீழடி அருங்காட்சியகம்: கிணறு வெட்டுகிற மாமாவைக் கூட்டிக்கொண்டு போனபோது

கீழடி அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் தமிழனின் பெருமை என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள், மீதிப் பேர் பார்க்கிங் இருக்கா, ஏசி இருக்கா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எதன் முன்னால் நின்று பார்க்க வேண்டும், எதைக் கடந்து போனால் பாதகமில்லை என்று யாராவது எழுதினால் தேவலையே என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் எழுதுகிற மாதிரி தெரியவில்லை, சரி நாமே எழுதுவோம். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து ராமநாதபுரம் ரோட்டில் தென்கிழக்கே 12 கிலோமீட்டர், சிலைமான் தாண்டி ஊருக்குள் திரும்ப வேண்டும். எல்லோரும் மதுரைக் கீழடி என்றுதான் சொல்கிறோம், ஆனால் கணக்குப்படி அது சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டம். சிவகங்கைக்காரர்களிடம் மதுரைக் கீழடி என்று சொல்லிவிடாதீர்கள், ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவார்கள். டிக்கெட் பெரியவர்களுக்கு 15 ரூபாய்தான், கேமராவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கட்டடம் செட்டிநாட்டு வீட்டுப் பாணி. ஓட்டுக் கூரை, தூண்கள், நடுவில் முற்றம். 2023 மார்ச் 5ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார், 31,000 சதுர அடி, பதினெட்டுக் கோடிக்கு மேல் செலவு. ஆற்றங்கரை மண்ணில் கிடைத்ததை வைக்க ஏன் செட்டிநாட்டு வீடு என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. ஆனால் வெயில் நேரத்தில் முற்றத்தைச் சுற்றி நிழலிலேயே ஒவ்வொரு பகுதியாக நடந்து போகிறபோது அந்தக் கேள்வி அடங்கிவிடுகிறது. மொத்தம் ஆறு பகுதிகள்: மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம் செய் கோ (பானை வனையும் குயவர் என்று அர்த்தம்), ஆடையும் அணிகலன்களும், கடல்வழி வணிகம், வாழ்வியல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த இடத்தைத் தனியாகப் போய்ப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது, கையால் வேலை செய்து பழகிய ஒருவரோடு போனால் முற்றிலும் வேறு மாதிரி இருக்கிறது. நான் கூட்டிக்கொண்டு போனது என் தாய்மாமாவை. திருப்புவனத்துக்கு அந்தப் பக்கம் வைகைக் கரையில் ஊர், ஆள் விவரம் தெரிந்த நாளிலிருந்து கிணறு வெட்டுகிறவர். இப்போது வயதாகிவிட்டது, ஆனாலும் யாராவது தோட்டத்தில் உறை இறக்குகிறார்கள் என்றால் மேட்டில் நின்று சத்தம் போட அவர் போயாக வேண்டும். அத்தையும் வந்தார், என் மகளும் வந்தாள்.

தொடக்கத்தில் ஒரு சிறிய திரையரங்கில் படம் போடுகிறார்கள். மாமா அதில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கட்டடத்தைப் பார்த்து "என்ன மாப்ள, கல்யாண மண்டபம் கணக்கா கட்டிருக்காய்ங்க" என்றதோடு சரி, வேறு பேச்சில்லை. நீர் மேலாண்மைப் பகுதிக்கு வந்து சுடுமண் உறைகிணற்றைப் பார்த்த இடத்தில்தான் மனிதர் நின்றார். நின்றவர் நகரவே இல்லை.

உங்களில் பலர் உறைகிணறு பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரை மணலில் சும்மா குழி வெட்டினால் நாலு பக்கமும் சரிந்துகொண்டே வரும், எவ்வளவு அள்ளினாலும் குழி அகலமாகுமே ஒழிய ஆழமாகாது. அதனால் வளையம் வளையமாக உறை வைத்துச் சரிவைத் தடுக்க வேண்டும். இன்றைக்கு சிமெண்ட் உறை, அன்றைக்கு சுட்ட மண் உறை. இதுவரை பலகையைப் படித்தாலே தெரிந்துவிடும். மாமா சொன்னது பலகையில் இல்லாதது. சிமெண்ட் உறை என்றால் தரையில் வைத்துவிட்டு ஆள் உள்ளே இறங்கி அடிமண்ணைச் சுற்றிச் சுற்றித் தோண்டுவார்கள், உறை தன் கனத்தாலேயே கீழே இறங்கும், அதன் தலையில் அடுத்த உறையை ஏற்றுவார்கள். சுடுமண் உறைக்கு அந்தக் கனம் கிடையாது, அவ்வளவு சுலபமாக இறங்காது, முரட்டுத்தனமாக ஆட்டினால் உடைந்துவிடும். "இது குழிய அகலமா வெட்டி, கீழருந்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, சுத்தி மண்ணப் போட்டு நெரவிருப்பாங்க மாப்ள, கோடைல ஊத்து கீழ போன நேரம் பாத்து செஞ்சிருப்பாங்க" என்றார். அது சரியா தவறா என்று ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதுவரை ஒரு காட்சிப்பொருளாக இருந்த அந்த வளையங்களுக்குள் ஒரு ஆள் குனிந்து நிற்பதும், மேலே இன்னொரு ஆள் கூடையை இழுப்பதும் எனக்குத் தெரிய ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஒரு வளையத்தின் விளிம்பு மேல் அடுத்த வளையம் உட்கார்ந்திருக்கிற இடத்தைக் குனிந்து பாருங்கள், பொருத்தி வைத்தவனின் கை நிதானம் அங்கே தெரியும்.

அப்புறம் ஆழக் கணக்கு வந்தது. கீழடியின் காலத்தைச் சொல்லும்போது எல்லோரும் 2,600 வருடம் என்கிறார்கள் இல்லையா, அது எங்கிருந்து வந்தது என்றால், நான்காம் கட்ட அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டை அமெரிக்காவில் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், முடிவு கி.மு. 580 என்று வந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது. 353 சென்டிமீட்டர் என்றால் பன்னிரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. மாமாவுக்குச் சிரிப்பு. பன்னிரண்டு அடியெல்லாம் ஒரு பொழுதில் போய்விடுவோமே, இதற்கா இத்தனை வருடம் என்றார். அடுக்கு அடுக்காக, ஓட்டுச் சில்லு விடாமல் எடுத்து எண்போட்டுத்தான் கீழே போவார்கள் என்று சொன்னேன்.

அதைக் கேட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்களுக்கும் ஓடு வரும்டா. கருப்பும் செவப்புமா வரும். அள்ளி வரப்புல போட்டுருவோம், இல்லேன்னா மேட்ட நெரவ ஆகும்னு கொட்டிருவோம்" என்றார்.

வைகைக் கரையில் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும் என்பது என் எண்ணம். கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள், 1970களில் அந்த ஊர்ப் பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவர் கிணறு வெட்டும்போது கிடைத்த பொருள்களை மாணவர்கள் மூலம் தெரிந்துகொண்டு சேர்த்து வைத்திருந்தார், விஷயம் அப்போதே தொடங்கிவிட்டது. இந்தியத் தொல்லியல் துறையில் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையிலான குழு 2013-14இல் தேனி தொடங்கி ராமநாதபுரம் வரை வைகையின் இரு கரையிலும் நடந்து 293 இடங்களைக் குறித்தது. 293. அதில் ஒன்றுதான் கீழடி. பள்ளிச்சந்தைத் திடல் என்கிற தென்னந்தோப்பு மேடு வீடு கட்டாமல், பெரிதாகக் கலைக்கப்படாமல் கிடந்ததால் 2015இல் அங்கே குழி போட்டார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலானவை இன்னும் யாரோ ஒருவருடைய வயலாக, களத்துமேடாக, காலனியாக இருக்கின்றன.

நடுவில் நடந்த அரசியலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கட்டம் முடிந்ததும் 2017இல் அமர்நாத்தை அசாமுக்கு மாற்றினார்கள், மூன்றாம் கட்டத்துக்கு வேறு அதிகாரி வந்தார், பெரிதாக ஒன்றும் இல்லை என்கிற பேச்சு எழுந்தது, 2018இல் நான்காம் கட்டத்தை மாநிலத் தொல்லியல் துறை கையில் எடுத்தது, அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 5,820 பொருள்கள் கிடைத்தன. அமர்நாத் 2023இல் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரச்சொல்லி 2025இல் இந்தியத் தொல்லியல் துறை கேட்டதும் அவர் மறுத்ததும் வரைக்கும் அந்தச் சண்டை ஓடியது. இதையெல்லாம் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். அருங்காட்சியகத்துக்குள் போகும்போது இதைத் தலையில் சுமந்துகொண்டு போனால், பானை ஓட்டைப் பார்த்தாலும் டெல்லியைப் பார்த்தாலும் ஒரே கோபம்தான் வரும், பானை கண்ணில் படாது.

பானை என்றதும் சொல்லிவிடுகிறேன், கலம் செய் கோ பகுதிதான் என்னைக் கேட்டால் இருப்பதிலேயே முக்கியம். அவசரமாகப் போகிறவர்கள் இங்கேதான் வேகமெடுக்கிறார்கள், உடைந்த ஓடுதானே என்று. நில்லுங்கள். ஓடுகளில் கீறியிருக்கும் தமிழி எழுத்தை, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவத்தைப் பாருங்கள். நான்காம் கட்டத்தில் மட்டும் 56 எழுத்துப் பொறித்த ஓடுகள். குவிரன் ஆதன் என்று ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் வெறும் ஆதன். எல்லாம் ஒரே கையெழுத்து கிடையாது, ஒன்றில் கோடு அழுத்தி நேராக விழுந்திருக்கிறது, ஒன்றில் கோணலாக வழுக்கிப் போயிருக்கிறது. செய்த குயவர் எழுதியதாக இருந்தால் ஒரே வாகில் இருந்திருக்கும், வாங்கினவர்கள் அவரவர் எழுதிக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். பாத்திரக் கடையில் சில்வர் குடம் வாங்கின கையோடு கழுத்தில் பேர் வெட்டித் தரச்சொல்கிறோமே, அந்த வேலைதான். ராஜா கல்வெட்டில் எழுதினான் என்பது ஒரு செய்தி, ஆதன் என்கிற ஒரு ஆள் தன் பானை அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று எழுதி வைத்தான் என்பது அதைவிடப் பெரிய செய்தி என்று எனக்குப் படுகிறது.

இதைத்தான் நான் இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். நாகரிகம் நாகரிகம் என்று கேட்டுக் கேட்டு, கோட்டையும் அரண்மனையும் சிம்மாசனமும் எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். ஒரு பெரியவர் எங்கள் பின்னால் வந்தவர், இவ்வளவுதானா என்று மகனிடம் கேட்டார். ஆமாம், அரண்மனை கிடையாது. செங்கல் சுவர், ஓடு வேய்ந்த கூரை, கிணறு, உலை, பானை, தக்களி, ஊசி. உழைத்துப் பிழைத்த ஒரு ஆற்றங்கரை ஊரின் சாமான்கள். அந்தக் கண்ணோடு போனால் ஒவ்வொரு பெட்டியும் பேசும்.

அத்தைக்குப் பிடித்தது ஆடையும் அணிகலன்களும். நூல் நூற்கும் தக்களிகள், எலும்பில் செய்த கூர்முனைகள், அதைக் கொண்டு நெசவில் வேலைப்பாடு செய்தார்கள் என்கிறார்கள். அத்தை அவற்றைவிட மணிகளின் முன்னால்தான் அதிகம் நின்றார். சூதுபவளம் என்று சிவப்பாக ஒரு கல், இந்தப் பக்கத்தில் கிடைக்கிற கல்லே இல்லை, குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்திலிருந்து வந்தது. அத்தனை கெட்டியான கல்லில் நூல் நுழைகிற அளவுக்குத் துளை. "இந்தத் துளையப் போட்டவனுக்கு எத்தன பொறுமை இருந்திருக்கும்" என்றார், பிறகு நான்காம் கட்டத்தில் கிடைத்த ஏழு தங்கத் துண்டுகளைப் பற்றிச் சொன்னதும், "எல்லாஞ் சேத்தா அரைப் பவுன் தேறுமா?" என்று மாமா கேட்க, அத்தை முறைத்தார்.

மகளுக்கு வாழ்வியல் பகுதி. பகடைக் காய்கள் இருக்கின்றன, சுடுமண் விளையாட்டுப் பொருள்கள் இருக்கின்றன, உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஓரத்தைப் பார்த்தால் கல்லில் உரசி உருட்டியது தெரியும். பாண்டி ஆடத் தெரிந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. என் மகளுக்குத் தேவைப்பட்டது, அது வேறு கதை. இதே பகுதியோடு சேர்த்து நினைக்க வேண்டியது எலும்புகள்: பூனா டெக்கான் கல்லூரி ஆய்வில் மாடு, எருமை, ஆடு, அவற்றோடு மான், காட்டுப்பன்றி, மயில் என்று வந்திருக்கிறது. பாதிக்கு மேல் வீட்டு விலங்குகள். கால்நடை வைத்திருந்த ஊர்.

கடல்வழி வணிகம் பகுதியில் ரௌலட்டட் ஓடு (உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளி வரி பதித்தது), அரிட்டைன் ஓடு (இத்தாலியில் செய்த சிவப்புக் கலம்), ரோம், கடற்கரையில் இருந்த பழைய துறைமுகமான அழகன்குளம் என்று நிறையத் தகவல். அழகாகச் செய்திருக்கிறார்கள், குழந்தைகள் அங்கேதான் கூட்டமாக நிற்கிறார்கள். எனக்கென்னவோ அதில் மனம் ஒட்டவில்லை. தொடுதிரைகளும் அப்படியே, நல்லவைதான், ஆனால் ஓட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையைத் தட்டிக்கொண்டிருக்க நேரம் போய்விடுகிறது.

இது போதாது என்று எனக்குப் படுவது ஒன்று. ஆறு பகுதிகளும் அந்தப் பழைய ஊரைப் பற்றியவை. ஆனால் ஊர் அதோடு நின்றுவிடவில்லையே. பக்கத்துக் கொந்தகை இடைக்காலக் கல்வெட்டில் குந்திதேவி சதுர்வேதிமங்கலம் என்று வருகிறது, திருப்புவனம் புஷ்பவனேஸ்வரர் கோயிலைத் தேவார மூவரும் பாடியிருக்கிறார்கள், 1895இல் பெரியாறு தண்ணீர் வைகைக்குத் திரும்பியது, 1959இல் வைகை அணை வந்தது, ஆற்றுப் பாசனம் மாறியது, தோப்பு வந்தது, தோப்புக்காரர்கள் நிலத்தைக் குழி போடக் கொடுத்தார்கள், ஆய்வு முடிந்ததும் மூடித் திரும்ப வாங்கிக்கொண்டு தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். குழியில் மண் அள்ளியதும் ஓடு கழுவியதும் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள்தான். அவர்களுக்கும் ஒரு அறை கொடுத்தால், ஏழாவதாக, நான் இன்னொரு டிக்கெட் எடுக்கத் தயார்.

கொந்தகையை விட்டுவிடாதீர்கள். கீழடியில் வாழ்ந்தவர்களைப் புதைத்த இடம் அதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து, முதுமக்கள் தாழிகள் அங்கே கிடைத்தவை. ஆள் உயரத்தில் பாதிக்குமேல் வரும் தாழியின் முன்னால் நிற்கும்போது மாமா செருப்பைக் கழற்றினார், யாரும் சொல்லவில்லை. கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து முகம் உருவாக்கிய படங்கள் 2025இல் வெளிவந்தன, பார்த்திருப்பீர்கள். அதை மாமாவுக்குப் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் ஒருவர் பெயரைச் சொல்லி, அவர் சாயல் என்றார்.

மதிப்பெண் கேட்பீர்கள், ஐந்துக்கு நாலு. அந்த ஏழாவது அறைக்காக ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு அந்த ரோட்டை நம்ப வேண்டாம். திரும்புகிற வழியில் பெரிய போர்டு பார்த்து ஒரு ஓட்டலில் நுழைந்தோம், பேர் வேண்டாம், சாம்பார் ஆறிப்போய் வந்தது, சூடு பண்ணித் தரச்சொன்னதற்குப் பரிமாறினவர் எங்களைப் பார்த்த பார்வைக்கு 15 ரூபாய் டிக்கெட் போடலாம். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம். கோடையில் போனால் ரோட்டோரம் இளநீரும் நுங்கும் கிடைக்கும், அது போதும்.

போகிற நேரம் காலை பத்து மணிக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூட பஸ்கள் பதினொன்றுக்கு மேல் வரிசையாக வந்து நிற்கும், அப்புறம் உறைகிணற்றுப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட இடம் இருக்காது. குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சொந்த வண்டி இருந்தால் அதே ரோட்டில் நேராக மானாமதுரைக்கு விட்டுவிடுங்கள், கடமும் பானையும் அங்கே இன்னும் கையால் செய்கிறார்கள், 2023இல் அந்த மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கலம் செய் கோ பார்த்த கண்ணோடு சக்கரம் சுற்றுவதைப் பார்த்தால் நன்றாக இருக்கும். பானை வாங்கினால் வாங்கும்போதே தட்டிப் பார்த்து வாங்குங்கள், கணீர் என்று கேட்க வேண்டும். வண்டியில் வைக்கப் பழைய போர்வை ஒன்று எடுத்துக்கொண்டு போனால் ஸ்பீடு பிரேக்கரில் உடையாமல் வீடு வந்து சேரும்.